எழுத்தில்லாத உறை

கல்லூரியில் அவளுக்கு டைரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது; யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த மூன்றாம் வாரமே இணையத்தில் பிளாக் ஒன்று தொடங்கி, அன்றன்றைக்கு வரைந்தது, வெட்டியது, ஒட்டியது, ஒட்டாமல் போனது எல்லாவற்றையும் அதில் எழுதிப் போட ஆரம்பித்தாள். அதனால் வந்த பெயர் அது.

தொடங்கியதற்குக் காரணம் ஒரு நாற்காலி. முதல் வருட ஆசிரியர் அவள் செய்த அட்டை நாற்காலியைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட முதுகு ஏன் இப்படிச் சாஞ்சிருக்கு?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். இவளுக்கோ வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அறைக்கு வந்து, வந்த ஆத்திரத்தில், அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினாள். எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, காரணம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை என்று. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் எழுதினாள். அடுத்த முறை அதே ஆசிரியர் கேள்வி கேட்டபோது, அவரே போதும் போதும் என்று கையமர்த்தும் அளவுக்குப் பதில் வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த பிளாக் அவளுக்கு நல்லது நிறையவே செய்தது. எங்கோ ஓர் ஊரில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் அவள் மடித்த வாழ்த்து அட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, "காகிதத்துக்கு நார் ஓடுற திசைன்னு ஒண்ணு இருக்கும்மா. அதுக்குக் குறுக்க மடிச்சா மடிப்பு வெடிக்கும். தாளைத் திருப்பிப் போட்டு வெட்டிப் பாரு" என்று பின்னூட்டம் போட்டார். கல்லூரியில் இரண்டு வருடம் யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம். முகம் தெரியாத மனிதர், ஒரு பைசா வாங்காமல், நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனார். இப்படிப் பலபேர்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. எந்த வேலையும் முடிவதற்கு முன்னாலேயே ஜன்னலுக்குப் போய்விடும். விடுதி அறை ஜன்னலில் காலை பத்திலிருந்து பதினொன்று வரை நல்ல வெளிச்சம் விழும். அங்கே வெள்ளைத்தாளை விரித்து, செய்த பொருளை நடுவில் வைத்துப் படம் எடுப்பாள். போகப் போக, படத்தில் நன்றாக வருகிற பொருள்களையே அவள் செய்யத் தொடங்கினாள். இது அவளுக்குத் தெரியவில்லை. அறைத்தோழிக்குத் தெரிந்தது. ஒல்லியாக, நெட்டையாக, எதையும் நேர்கோட்டில் பேசுகிறவள். வகுப்பே அவளை ஸ்கேல் என்று கூப்பிடும்.

"ஏண்டி, நீ டிசைன் பண்றியா, இல்ல போட்டோ ஸ்டூடியோ நடத்துறியா?"

"ரெண்டும்தான். உனக்கென்ன?"

"எனக்கென்ன, ஒண்ணுமில்ல. காயறதுக்கு முன்னாடியே தூக்கிட்டு ஓடறே, கேட்டேன்."

வகுப்பில் அவள் பக்கத்தில் வந்தால் மற்றவர்கள் நோட்டை மூடிக்கொண்டார்கள். "டைரி வர்றா, மூடு மூடு, நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிடும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது, அதை மட்டும் பிளாக்கில் எழுதவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: மருந்துக்கடைக்கு உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது ஒன்று, பத்து நாளில். அவளுக்கு உடனே பெரியப்பா ஞாபகம் வந்தது. அப்பாவின் அண்ணன். மனைவி போனபின் இவர்கள் வீட்டோடு இருப்பவர். லாரி ஷெட் ஒன்றில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று பெரிய நோட்டில் எழுதுவது வேலை. வயது அறுபத்தெட்டு, கண்ணில் புரை, ஆபரேஷனை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் பழுப்பு உறையில் கிறுக்கித் தரும் கையெழுத்து அவருக்குத் தெரிவதே இல்லை.

எழுத்தே இல்லாத உறை செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. காலை மாத்திரைக்கு இளம்பச்சை, மதியத்துக்கு மஞ்சள், இரவுக்கு வெளிர்நீலம். மூன்று காகித உறைகள், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளே உறைகள் தயார். ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றையும் விசிறி போல விரித்து வைத்துப் படம் எடுத்தாள். அவளே அசந்துபோகும்படி வந்தது படம். 'எழுத்தில்லாத உறை' என்று தலைப்பு வைத்து, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று ஃபைலையும் சேர்த்து, அன்றைக்கே பதிவைப் போட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் உறைகளை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனாள். பெரியப்பாவோடு, அவர் வயதுக் கூட்டாளிகள் ஏழுபேர் வாசல் பெஞ்சில் இருந்தார்கள். எட்டுப் பேரிடமும் காலை உறையை எடுங்கள், இரவு உறையை எடுங்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். ஐந்துபேர் தப்பாக எடுத்தார்கள். பெரியப்பா பச்சையை ஒரு கையிலும் நீலத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா? எதுக்கு ரெண்டு பண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சள் பூத்துத் தெரியும், அதில் வெளிர்நீலமும் இளம்பச்சையும் ஒன்றாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் தேடிப் படித்தாள். மிச்சமிருந்த ஐந்து நாளில் எல்லாவற்றையும் மாற்றினாள். தடித்த பழுப்பு அட்டை. காலை உறைக்கு மூலை வெட்டில்லை. மதிய உறைக்கு ஒரு மூலை வெட்டு. இரவு உறைக்கு இரண்டு மூலையும் வெட்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடித்துவிடலாம். மறுபடி ஷெட்டுக்குப் போய்க் கேட்டபோது எட்டுக்கு எட்டும் சரி. ஆசிரியர் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார். உறைகளைக் கண்காட்சி அலமாரிக்கென்று கல்லூரியே வைத்துக்கொண்டது.

அதையும் படம் எடுத்துத்தான் பார்த்தாள். ஆணி கட்டிக் கொடுக்கிற பொட்டலம் மாதிரி இருந்தது. மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் பொட்டலம்தான். இதற்குள் பழைய பதிவு பிய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'அந்த உறையில் ஒரு திருத்தம்' என்று தலைப்பு மட்டும் எழுதி, வெளியிடாமல் சேமித்து வைத்தாள். அப்புறம் போடலாம் என்று விட்டது, ஏழு மாதம் அப்படியே கிடந்தது.

கடைசி வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, காலை பத்து மணிக்குப் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்து, செய்தித்தாள் முழங்காலிலிருந்து நழுவி, வாய் லேசாகத் திறந்து. பத்தே நிமிடத்தில் வரைந்துவிட்டாள். 'பெரியப்பா செய்தி வாசிக்கிறார்' என்று போட்ட அந்தப் படத்துக்கு முந்நூறுக்கு மேல் இதயங்கள் விழுந்தன. ஐயோ எங்க தாத்தா மாதிரியே, செல்லம், கொள்ளை அழகு என்று பின்னூட்டங்கள்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போனில் சொன்னாள். "உங்க பெரியப்பா வேலையை விட்டுட்டாருடி. ஷெட்டுல உக்காந்தா கண்ணு சொருகுதாம். ரெண்டு வண்டி உள்ள வந்ததையே எழுதலையாம். வயசாயிடுச்சு, இனிமே சரிப்படாதுன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டார்."

"ரெஸ்ட் எடுக்கட்டும்மா" என்றாள் இவள்.

அதே வாரம்தான் கடிதம் வந்தது. ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற டிசைன் ஸ்டூடியோ. அதை நடத்தும் மேடமே எழுதியிருந்தார்: உன் உறைப் பதிவைப் பார்த்தேன், ஓர் ஆஸ்பத்திரிக்கு இதேபோல ஒன்று கேட்கிறார்கள், காட்டினேன், அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வெள்ளிக்கிழமை அந்த மூன்று உறைகளோடு நேரில் வா, படிப்பு முடிந்ததும் இங்கேயே சேர்வதைப் பற்றிப் பேசலாம். படித்துவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தாள். வகுப்பில் வேறு யாருக்கும் இன்னும் எதுவும் அமையவில்லை. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மகளுக்கு வேலை என்று வேனில் ஏறுகிற குழந்தைகளிடம்கூடச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பதிவின் அடியில் புதிதாக ஒரு பின்னூட்டம் வந்தது. ஒரு மருந்துக்கடைக்காரர். உங்கள் உறையை அச்சடித்துக் கடையில் கொடுக்கிறோம், வயதானவர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள், மிக்க நன்றி என்று எழுதி, கடை போன் நம்பரும் போட்டு, படமும் இணைத்திருந்தார். கண்ணாடி மேசைமேல் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக மூன்று அடுக்கு.

டைரி போனை எடுத்துக்கொண்டு போய் ஸ்கேலிடம் காட்டினாள்.

"திருத்தம் போடணும்டி. இப்பவே."

"போடு. ஆனா வெள்ளிக்கிழமை முடியட்டும். அந்தப் பதிவைப் பார்த்துத்தானே கூப்பிட்டிருக்காங்க? அது தப்புன்னு நீயே மேல எழுதி ஒட்டிட்டுப் போய் அங்க என்னத்தைப் பேசுவே? ஏழு மாசமா கெடக்கு. அஞ்சு நாள்ல என்ன குடி முழுகிடப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. மனசு கேட்காமல் மறுநாள் கடைக்கு மட்டும் போன் போட்டாள்.

"அட, நீங்கதானாம்மா அது! சொல்லுங்க சொல்லுங்க."

"சார், அந்த உறையைக் கொடுக்கிறதை நிறுத்திடுங்க. கண்ணுல புரை இருக்கிறவங்களுக்குப் பச்சையும் நீலமும் பிரிஞ்சு தெரியாது. டெஸ்ட் பண்ணப்போ தெரிஞ்சுது."

"அப்படியா? உங்க பக்கத்துல அப்படி ஒண்ணும் போடலையேம்மா?"

"அதான் சார், உங்களுக்கு நேரா சொல்லிடலாம்னு பண்ணேன்."

"சரிம்மா, நிறுத்திடறேன். ஆனா ஃபைலை எங்க கடைக்காரங்க குரூப்புல வேற போட்டுட்டேனே. அறுபது கடை இருக்கும். யார் யார் அடிச்சாங்கன்னு நான் எங்க போய்த் தேடுவேன்? நீங்க பக்கத்துலயே போட்டுடுங்க. எல்லாரும் அங்கதானே வந்து பார்ப்பாங்க?"

"போட்டுடறேன் சார்" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்தான் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை காலை, நேர்காணலுக்கு எடுத்துப் போக அந்த மூன்று உறைகளைத் தேடினாள். அலமாரி மேலே செருப்பு டப்பாவில் வைத்திருந்தாள். டப்பா காலி. பள்ளிக்கூட ஆபீஸில் வேலையில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அதுவா? உங்க பெரியப்பாவுக்குக் கொடுத்திருக்கேன்டி. ரெண்டு மாசம் இருக்கும். எவ்வளவு அழகா பண்ணியிருக்கே, சும்மா டப்பாவுல தூங்குதேன்னு எடுத்தேன். தினம் காலைல நானே மாத்திரையை அதுல போட்டு வச்சிட்டு வந்துடுவேன். அவருக்கு ஒரே பெருமை. பாப்பா பண்ணதுன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் காட்டறார்."

அவள் போனை வைத்துவிட்டுப் பெரியப்பாவின் அறைக்குப் போனாள். பத்தரை மணி. அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வரைந்த படத்தில் இருந்தது போலவே, கண்ணாடி, செய்தித்தாள், திறந்த வாய் எல்லாம் அப்படியே. பக்கத்து ஸ்டூலில் மூன்று உறைகளும் இருந்தன. பச்சையை எடுத்துப் பார்த்தாள். காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை உள்ளேயே இருந்தது. நீலத்தை எடுத்தாள். காலி. நரம்பு வலிக்கு இரவு படுக்கும்போது போடச் சொன்ன மாத்திரை அது. போட்டால் தூக்கம் அசத்தும் என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

கீழே உட்கார்ந்தாள். அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "பெரியப்பா. பெரியப்பா, எழுந்திருங்க."

"ம்? வந்துட்டியா பாப்பா? சாப்பிட்டியா?"

"காலைல எந்த உறைலேர்ந்து மாத்திரை போட்டீங்க?"

"பச்சைலேர்ந்துதான். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். இதோ." அவர் குனிந்து கையை நீட்டி எடுத்துக் காட்டினார். நீலம்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட்டில் அன்றைக்குக் கேட்டது, மாற்றிச் செய்தது, அந்த நல்ல உறை கல்லூரி அலமாரியில் இருப்பது, எழுதாமல் விட்டது. ராத்திரி மாத்திரை காலையிலும் காலை மாத்திரை ராத்திரியிலும் போய்க்கொண்டிருந்ததால் வந்த தூக்கம் இது என்றும் சொன்னாள்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இது வயசு இல்லையா?"

"இல்ல பெரியப்பா."

"நான் வயசுன்னு நெனச்சேன். அவ்வளவுதான், நம்ம கதை முடிஞ்சுதுன்னு." அவர் ஸ்டூலைப் பார்த்தார். "எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேனே பாப்பா."

டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். அன்றைக்கு வேறு எதையும் போட வேண்டாம், நாளை காலையிலிருந்து ஒழுங்காக ஆரம்பியுங்கள், ரத்த அழுத்தம் பார்க்கக் கூட்டி வாருங்கள் என்றார். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். எழுதுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பழைய பதிவின் தலையிலேயே, பெரிய எழுத்தில், இந்த உறையை யாரும் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டாள். ஐந்தாம் நாளே எட்டில் ஐந்துபேர் தப்பாக எடுத்ததையும், பிறகு மூலை வெட்டி மாற்றிச் செய்ததையும் எழுதினாள். அது தனக்கு ஏழு மாதமாகத் தெரியும் என்பதையும் எழுதினாள். ஃபைலை நீக்கினாள். பிறகு 'பெரியப்பா செய்தி வாசிக்கிறார்' படத்துக்குப் போய் அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: இவர் வயதானதால் தூங்கவில்லை, நான் செய்த உறையால் மாத்திரை மாறிப்போய்த் தூங்குகிறார். மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. அடுத்த கால்மணி நேரத்தில் அந்த வரிக்குக் கீழேயே ஒருவர் இதயம் போட்டுவிட்டுப் போனார். படிக்காமல் போட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேடம் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, திரையைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டார்.

"நேத்துப் போட்டிருக்கே."

"ஆமா மேடம்."

"ஆஸ்பத்திரியிலயும் பார்த்துட்டாங்க. காலைல போன் வந்துது. வேண்டாம்னுட்டாங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "தப்பு எல்லாரும்தான் பண்றோம். நீ அஞ்சாம் நாளே கண்டுபிடிச்சிருக்கே, சரியாவும் பண்ணியிருக்கே. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஏழு மாசம் ஏன் போடலை?"

"டைம் கெடைக்கலை மேடம்."

மேடம் தலையை ஆட்டினார். அந்த ஏழு மாதத்தில் அவள் போட்ட நாற்பது பதிவுகளும் அவர் திரையில் தேதிவாரியாக இருந்தன. வேறு இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார், காபி குடிக்கிறாயா என்றார், சொல்லி அனுப்புகிறோம் என்றார். சொல்லி அனுப்பவில்லை.

திங்கட்கிழமை பெரியப்பா குளித்துவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அவர் இடத்தில் முதலாளியின் மச்சானைப் போட்டுவிட்டார்களாம்.

"நோட்டைக் கண்ணுக்கிட்ட வச்சுப் பார்த்தேன். கோழிக் கிறுக்கல். வண்டி நம்பரே தப்பு" என்று செய்தித்தாளை உதறிப் பிரித்தார். பத்து மணிக்கு அவர் கண் நன்றாகவே முழித்திருந்தது. "பத்து மணிக்கு ரெண்டு பேரும் வீட்டுல. நல்ல ஜோடி நாம."

கல்லூரிக்கு இன்னும் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்த டைரி தரையில் உட்கார்ந்து பழுப்பு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரி அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் புதிதாகவே ஒரு செட். மூன்றையும் முடித்து அவர் கையில் கொடுத்தாள். பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"வெட்டு இல்ல, காலை. ஒரு மூலை, மத்தியானம். ரெண்டு மூலை, ராத்திரி." கண்ணைத் திறந்தார். "அன்னிக்கு ஷெட்டுல காட்டினதுதானே? சுலபமா இருக்கே. இதை ஏன் பாப்பா நீ அப்பவே போடலை?"

மேடத்திடம் சொன்ன பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோல நல்லா வரல பெரியப்பா."